ஸ்டீம் கடைக்கு ஒரு வெடிக்கடையின் விண்ணப்பம்

பெறுநர்: முதலாளி அவர்கள், ஸ்டீம் விளையாட்டுக் கடை, வால்வ் கம்பெனி, பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

அனுப்புநர்: பட்டாசுச் சில்லறை வியாபாரி, ஏழாயிரம்பண்ணை, விருதுநகர் மாவட்டம்.

பொருள்: தங்களிடம் தொழில் பழக அனுமதி கோருதல் தொடர்பாக.

மகாகனம் பொருந்திய முதலாளி அவர்களுக்கு,

இங்கே ஆடி பிறந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்கன்று பூசை போட்டு, புது விலைப்பட்டியலைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, முதல் பார்சலைக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பட்டியல் அச்சுக்குப் போகுமுன் உங்களிடம் சில நுணுக்கங்களைக் கேட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பட்டியலில் குருவி வெடிக்கு ஒரு விலை இருக்கும். பக்கத்திலேயே 80 சதவீதம் தள்ளுபடி என்றும் இருக்கும். அந்த முதல் விலைக்கு எவனும் வாங்கியதில்லை, நானும் விற்றதில்லை. தள்ளுபடி போடுவதற்கென்றே பிறந்த விலை அது. சாத்தூர் முதல் சிவகாசி வரை இந்த வித்தையில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று இறுமாந்திருந்தேன். போன மாசம் லீவுக்கு வந்த என் அக்கா மகன் அந்த இறுமாப்பை உடைத்துவிட்டான். ராத்திரி ரெண்டு மணி. "மாமா, தொண்ணூறு பர்சன்ட் தள்ளுபடி!" என்று கத்துகிறான். எதிர்க்கடைக்காரன்தான் பட்டியலை முந்திப் போட்டுவிட்டானோ என்று பதறி எழுந்தேன். பார்த்தால் கம்ப்யூட்டரில் உங்கள் கடை.

"இத வெளையாண்டுட்டியா மாப்ள?"

"இல்ல மாமா, வாங்கி வச்சிருக்கேன்."

"முன்னால வாங்குனதெல்லாம்?"

"பாதி இன்னும் தொறக்கவே இல்ல மாமா."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தீபாவளி முடிந்து தேங்கின சரக்கு என் கிட்டங்கியில் கிடந்து நமுத்துப்போகும். உங்கள் சரக்கோ வாங்கினவன் வீட்டில் நமுக்கிறது, காசு உங்கள் கல்லாவில் இருக்கிறது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று வருசத்துக்கு நாலு தீபாவளி வேறு வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு ஒன்றுதான். அதிலும் தமிழ்நாட்டில் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் வெடிக்கலாம். மழை வந்தால் அதுவும் போச்சு.

ஒரு விசயத்தில் உங்களை மனசாரப் பாராட்ட வேண்டும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஆடாமலிருந்தால் பணம் வாபஸ் என்று 2015-ல் கொண்டுவந்தீர்கள். கொளுத்திப் பார்த்த புஸ்வாணத்தை நான் திருப்பி வாங்குவேனா? (அதற்கு முன்னால் வாபஸ் கிடையாது என்று சொல்லிவந்ததற்காக, 2016-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் உங்களுக்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டதை மருமகன் தேடிச் சொன்னான். நல்ல காரியத்துக்கு நடுவில் அது எதற்கு என்று அதட்டிவிட்டேன்.)

தொழில் தொடங்கின விதத்தைக் கேட்டுத்தான் நான் உங்களுக்குச் சிஷ்யனாவது என்று முடிவு செய்தேன். 2003 செப்டம்பரில் கடை திறந்தபோது ஜனங்கள் திட்டினார்களாம். அடுத்த வருசம் நவம்பரில் உங்கள் 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டு வந்தது. பெட்டியில் போட்ட வட்டைக் காசு கொடுத்து வாங்கி வந்தவன்கூட, உங்கள் கடையில் கணக்குத் தொடங்கினால்தான் ஆட முடியும் என்று ஆக்கிவிட்டீர்கள். நான் ஆட்டம்பாம் விற்றுவிட்டு, 'திரியில் நெருப்பு வைக்குமுன் கடைக்கு வந்து பேர் பதிந்துவிட்டுப் போ' என்று சொல்வதற்குச் சமம். சொன்னால் என் திரியைக் கொளுத்திவிடுவார்கள். உங்களுக்கோ 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேர் உள்ளே இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த 30 சதவீதம். விளையாட்டைச் செய்தவன் ஒருவன், வாங்குகிறவன் ஒருவன், நடுவில் நூற்றுக்கு முப்பது உங்களுக்கு. 2018-ல் கொஞ்சம் இறங்கினீர்கள்: 1 கோடி டாலர் விற்பவனுக்கு 25, 5 கோடி தாண்டினவனுக்கு 20. சின்னவனுக்கு அதே 30. இந்த மாதிரி வசூல் எங்களுக்கும் புதிதல்ல. எங்கள் ஊர் பழைய பாளையம், கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காக 1799-ல் கும்பினிக்காரன் பிடுங்கிக்கொண்டது. பாளையக்காரர்களும் காவல் என்று வரி வாங்கினவர்கள்தான். ஆனால் ஊரில் களவு போனால் காவல்காரன் ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. உங்கள் பாளையத்தில் அந்தத் தொல்லையில்லை. 100 டாலர் கட்டினால் யாரும் சரக்கை அடுக்கலாம். 2024-ல் மட்டும் 18,000-க்கு மேல் புது விளையாட்டுகள் வந்து குவிந்தன. எது விற்கும், எது கிடக்கும் என்பது விற்பவன் கவலை. அலமாரி வாடகை முன்பணமாகவே வந்துவிடுகிறது. அவன் 1,000 டாலருக்கு விற்றுக் காட்டினால் அந்த நூறைத் திருப்பித் தருகிறீர்களாம், பெரிய மனசு.

அலமாரிக்குக் காவலும் நீங்கள் போடுவதில்லை. எது நல்லது, எது புஸ் என்று விமர்சனம் எழுதுவது வாங்கினவன். ஓடாத விளையாட்டை எப்படி ஓடவைப்பது என்று அடுத்தவனுக்குச் சொல்லித்தருவதும் வாங்கினவன். கூட்டாளி அங்கே இருக்கிறான் என்பதற்காகவே அடுத்தவனும் வந்து சேர்கிறான். வேறு கடையில் பண்டம் மலிவாகக் கிடைத்தாலும் இவன் போவதில்லை. 2018 டிசம்பரில் எபிக் என்றொருவர் 12 சதவீதம் போதும் என்று கடை திறந்து, இலவசமாகவே விளையாட்டுகளை அள்ளிக் கொடுத்தாரே, என் மருமகன் என்ன செய்தான் தெரியுமா? அதையெல்லாம் அங்கே வாங்கிப் போட்டுவிட்டு, ஆட உங்கள் கடைக்கு வந்துவிட்டான். "ஃப்ரெண்ட்ஸெல்லாம் இங்கதான மாமா இருக்காங்க."

வாங்கினவனே பண்டமும் செய்து தருகிறான் என்பதுதான் எனக்கு வாய் பிளந்த இடம். 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' உங்கள் பட்டறையில் பிறந்ததல்ல. 1999-ல் ரெண்டு இளவட்டங்கள் உங்கள் விளையாட்டைப் பிரித்து மேய்ந்து, ஆசைக்குச் செய்தது. 2000-ல் அதை வாங்கி, ஆட்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டீர்கள். 2015 ஏப்ரலில் இன்னும் ஒரு படி ஏறிப் பார்த்தீர்கள்: 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்கிற ஒட்டுவேலைகளை விலைக்கு விற்பது, செய்தவனுக்கு 25 சதவீதம், மிச்சம் உங்களுக்கும் விளையாட்டுக் கம்பெனிக்கும். சில நாளிலேயே ஊர் கூடித் திட்ட, கடையைச் சுருட்டிக்கொண்டீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள் என்பது என் அபிப்பிராயம். என் கடை வாசலில் சங்குசக்கரத்தையும் சாட்டையையும் சேர்த்துக் கட்டி வித்தை காட்டுகிற சிறுவர்களிடம் நாலில் ஒரு பங்கு பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இனி அந்தக் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' விளையாட்டுக்குள் வருகிற பெட்டி விசயம். பெட்டி சும்மா கிடைக்கும், சாவி 2.49 டாலர். உள்ளே என்ன இருக்கும் என்பது திறந்தால்தான் தெரியும், பெரும்பாலும் நமுத்த சாட்டைதான். எப்போதாவது ஒருவனுக்குக் கத்தி விழும். அது நிஜக் கத்திகூட இல்லை, படத்தில் வருகிற கத்தி, அதையும் ஆயிரக்கணக்கான டாலருக்கு வாங்க ஆள் இருக்கிறான். இப்படி ஒரு கடை எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் இருந்தது. லாட்டரிக் கடை என்போம். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் அதற்குத் தடை போட்டார்கள். அந்த வருசமே செப்டம்பரில் நீங்கள் கடை திறந்திருக்கிறீர்கள். ராசியான வருசம். பெல்ஜியம்காரன் 2018-ல் இது சூதாட்டம் என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டவைத்தது பற்றி விசனப்பட வேண்டாம், சாவி வாங்க மற்ற தேசங்கள் இருக்கின்றன.

கத்தியை விற்றால் 15 சதவீதம் உங்களுக்கு. மிச்சம் விற்றவனுக்கு, ஆனால் கையில் அல்ல, உங்கள் பணப்பையில். அந்தப் பையிலிருந்து காசு வெளியே வராது, உங்கள் கடையின் இன்னொரு சரக்காகத்தான் வரும். நாங்களும் மாசாமாசம் தீபாவளிச் சீட்டுப் பிடிக்கிறோம். ஐப்பசி வந்தால் வெடியும் இனிப்புமாகக் கொடுத்துச் சீட்டை முடித்தாக வேண்டும், இல்லையென்றால் ஊருக்குள் நடமாட முடியாது. முடியாத சீட்டு ஒன்றை எப்படி நடத்துவது என்று தனியாக எழுதித் தரவும்.

கொடைக்கு வரி போடுவதையும் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் அம்மன் கொடைக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். நோட்டில் கணக்கு இருக்கும், பத்து ரூபாய் குறைந்தாலும் சண்டை வரும். நீங்கள் 'டோட்டா 2' விளையாட்டுப் போட்டித் திருவிழாவுக்கு ரசிகர்களிடம் பிரித்தீர்கள். 2021-ல் பரிசுத் தொகையே 4 கோடி டாலரைத் தாண்டியது. பிரித்ததில் காற்பங்குதான் பரிசுக்குப் போனது, முக்கால் பங்கு பிரித்தவருக்கு. எங்கள் கொடைக் கமிட்டியில் இதைச் சொன்னேன். பொருளாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைத் தனியே அழைத்து, "அவுக அட்ரஸ் இருக்கா?" என்று கேட்டார்.

இத்தனையையும் எத்தனை பேர் வைத்து நடத்துகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு வழக்கில் வெளியான கணக்குப்படி, 2021-ல் ஸ்டீம் வேலைக்கு 79 பேர். இங்கே நடுத்தரமான ஒரு ஆலையில்கூட அதைவிடக் கூடுதல் பேர் மருந்து செலுத்திக்கொண்டிருப்பார்கள். அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். அதே 2021-ல் பிப்ரவரி 12 அன்று, எங்கள் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் ஊர்ப் பெயரை வெளியூர்ப் பத்திரிகை போடுவது அந்த மாதிரி நாட்களில்தான். உங்கள் சரக்கில் மருந்தில்லை, உராய்வில்லை, நாக்பூர் வெடிமருந்து அலுவலக லைசென்ஸ் வேண்டாம். ஒரு வெடியைச் செய்து கோடிப் பேருக்கு விற்றாலும் கிட்டங்கியில் அந்த ஒன்று அப்படியே இருக்கிறது.

அதைவிட, விற்ற பிறகும் அது உங்களுடையதாகவே இருக்கிறதாமே? வாங்குவது விளையாட்டை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தை என்று 2024-ல் உங்கள் கடையிலேயே எழுதி ஒட்டிவிட்டீர்கள். கலிஃபோர்னியாவில் சட்டம் வந்த பிறகு. கணக்கை இன்னொருவர் பேருக்கு மாற்றவும் முடியாது. மருமகன் பிற்காலத்தில் பிள்ளைக்கு எதை எழுதிவைப்பான் என்று அக்கா கவலைப்படுகிறாள். என்னிடம் பத்து ரூபாய்க்கு வாங்கின பிஜிலியை அவன் தாராளமாக உயில் எழுதலாம்.

மாதிரிக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் அனுப்ப ஆசைதான். பட்டாசை இணையக் கடைகளில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சொல்லிவிட்டது, தபாலிலும் போகாது. எனவே விலைப்பட்டியல் மட்டும் இத்துடன். தங்களுக்கு 90 சதவீதம் தள்ளுபடி. பெட்டிச் சாவி தனி.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள சிஷ்யன்.

பின்குறிப்பு: இதை உங்களுக்கு எப்படிச் சேர்ப்பது என்று மருமகனைக் கேட்டேன். முதலில் கணக்குத் தொடங்கணுமாம். அது இலவசம். ஆனால் 5 டாலருக்காவது எதையாவது வாங்கினால்தான் அங்கே நாலு பேரைக் கூட்டாளி சேர்த்துப் பேச முடியுமாம். சரி, எதை வாங்க என்றேன்.

"இப்ப வேணாம் மாமா. சேல் வரட்டும்."