பறிகொடுத்தவர் பாட்டு

1983-ல் 'மலையூர் மம்பட்டியான்' என்ற கொள்ளைக்காரன் படம் வந்தபோது, அவிநாசிப் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வழிமறிக்கும் ஆட்டம் ஆடினோம். தியாகராஜனின் முறைப்பு எங்கள் முகத்திலும் ஏறியிருந்தது. மம்பட்டியானாக இருக்கத்தான் சண்டை. வழிப்போக்கனாக நிற்க ஆள் கிடைக்காது.

அப்பாருக்கு மட்டும் அந்த ஆட்டம் பிடிக்காது. எழுந்து கொட்டத்துக்குப் போய்விடுவார். ஒரு காலத்தில் திருப்பூருக்குப் பருத்தி மூட்டை ஏற்றிப்போன வண்டிக்காரர் அவர். ராத்திரியில் நாலைந்து வண்டிகள் சேர்ந்துதான் ஊர் திரும்புமாம். வண்டிக்கு அடியில் லாந்தர் ஆடும். பணம் பருத்திக்கொட்டைச் சாக்குக்குள் புதைந்திருக்கும். ஒருநாள் இவர் வண்டி மட்டும் பின்தங்கிவிட்டது.

"பணம் போனாப் போகுது கண்ணு. இடுப்பு வேட்டியவும் உருவிட்டுப் போயிட்டானுக. சாக்கப் போத்திக்கிட்டு வண்டியிலயே உக்காந்திருந்தேன். விடிஞ்சா எப்படி ஊருக்குள்ள போறதுன்னு அதே ரோசனை."

மம்பட்டியானுக்குப் படம் உண்டு, பாட்டு உண்டு. அப்பாருக்கு எதுவும் இல்லை. எல்லா நாட்டிலும் இதுதான் நிலவரம் என்பது பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது. இங்கிலாந்தின் டிக் டர்பின் 1739-ல் யார்க் நகரில் குதிரை திருடிய குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவன். அவன் கூட்டம் லௌட்டனில் ஒரு விதவைக் கிழவியை நெருப்பில் போட்டுவிடுவதாக மிரட்டிக் கொள்ளையடித்தது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1834-ல், எய்ன்ஸ்வொர்த் என்பவர் எழுதிய 'ரூக்வுட்' நாவல் அவனைக் கறுப்புக் குதிரையில் ஏற்றி லண்டனிலிருந்து யார்க் வரை பறக்கவிட்டது. அவன் செய்யாத அந்தச் சவாரிதான் ஊருக்கெல்லாம் தெரியும். அந்தக் கிழவியை யார் நினைக்கிறார்கள்? எனக்கு இது ஆறவே இல்லை.

திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்த கதையைத் திருவரங்கத்தில் இன்றும் வேடுபறியாக நடத்துகிறார்கள். அங்கும் கூட்டத்தின் கண் கள்வர் மேல்தான்.

எங்கள் திருமுருகன்பூண்டி மட்டும் வேறு மாதிரி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் மணியோடும் திருவாரூருக்குத் திரும்பிய சுந்தரரை இங்கேதான் வேடர்கள் மறித்தார்கள். வேடர்களாக வந்தவை சிவனின் பூதகணங்கள் என்கிறது பெரிய புராணம். சுந்தரர் பேசாமல் போகவில்லை. நேரே கோயிலுக்குப் போய்ச் சண்டை பிடித்தார். இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று சாமியையே கேட்டார். மிரட்டினதை, குத்தினதை, உடுத்திய துணியையும் உருவினதை ஒன்றுவிடாமல் பதிகமாகப் பாடினார். ஏழாம் திருமுறையில் அந்தப் பதிகத்தை முதன்முதலாகப் படித்தபோது, துணி வருகிற இடத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அப்பாரு அப்போது உயிரோடு இல்லை.

இன்றைக்கு அப்பாரு வண்டி ஓட்டிய அந்தத் திருப்பூர்ச் சாலையில் ராத்திரியும் வெளிச்சம்தான். பனியன் கம்பெனி வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஓரத்துப் பட்டறைகளில் சிற்பிகள் கல் கொத்துகிறார்கள். போன மாசித் திருவிழாவுக்கு மகளைக் கூட்டிப்போய்க் கதையைச் சொன்னேன்.

"திருடுனவங்க பேரு என்னங்கப்பா?" என்றாள்.

அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பறிகொடுத்தவர் பேர்தான் இருக்கிறது என்று சொல்லி, கல்தூண் ஓரமாக உட்காரவைத்து, பதிகத்தை முதல் பாட்டிலிருந்து படித்துக் காட்டினேன்.