எந்தப் பர்கூர்?

பர்கூர் மாடு வாங்க ஆசை. ஓவேலியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறட்டுமா?

தாராளமாக. பர்கூரிலேயே இறங்கலாம். ஆனால் மாட்டின் சொந்த ஊர் அந்தப் பர்கூர் இல்லை. செம்பழுப்பு உடம்பில் சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி இருக்கும் அது, ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே உள்ள பர்கூர் மலைக்காரர். கிருஷ்ணகிரிப் பர்கூர் அரசியல் பர்கூர். 1991-ல் ஜெயலலிதா நின்ற இரண்டு தொகுதிகள் எவை? பர்கூர், காங்கேயம். இரண்டுமே மாட்டுப் பெயர்! இரண்டிலும் ஜெயித்தவர், காங்கேயத்தை அவிழ்த்துவிட்டுப் பர்கூரைக் கட்டிப்போட்டுக்கொண்டார். 1996-ல் அதே பர்கூர் முட்டித் தள்ளியது.

நான் கறப்பது ஜெர்சி. குளிருக்குப் போடுவதும் ஜெர்சி. எது மூத்தது?

இரண்டுக்கும் மூத்தது ஒரு தீவு, பிரான்ஸ் கரையோரம். அதன் பெயரைத்தான் மாடும், கம்பளிச் சட்டையும், அமெரிக்காவின் நியூ ஜெர்சியும் பங்குபோட்டுக்கொண்டன. இனம் கலந்துவிடக் கூடாதென்று 1789-லேயே வெளி மாடுகளுக்குத் தடை போட்ட தீவு அது. அதன் மாடுகளோ உங்கள் கொட்டகை வரை வந்துவிட்டன!

எங்கள் ஓவேலி பெயரில் ஏன் ஒரு மாடும் இல்லை?

ஊருக்கே அது அரைப் பெயர்தானே, ஐயா! இங்கே காப்பித் தோட்டம் போட்ட ஆக்டர்லோனி துரையின் பெயர் இங்கிலீஷில் 'ஓ' எழுத்தில் ஆரம்பிக்கும். யார் வாயிலும் நுழையாமல் அந்த 'ஓ' மட்டும் மிஞ்சியது. கூட ஒட்டியிருக்கும் 'வேலி', பள்ளத்தாக்குக்கு வெள்ளைக்காரன் சொன்ன சொல். அதை நம்பி ராத்திரி மாட்டை வெளியே கட்டாதீர்கள். யானைக்கு இங்கிலீஷ் தெரியாது.