மாயாவிக்குப் பின்னால் மறைந்தவர்கள்

கே: பழைய தமிழ் காமிக்ஸ் சேகரிக்க ஆவல். ஆனால் இரும்புக்கை மாயாவியின் விலையோ எட்டாத உயரத்தில் நிற்கிறது. வேறு எவற்றை வாங்கலாம்?

- வாசகர் ஒருவர், விருதுநகர்

ப: 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் உதயமானது முதற்கொண்டு, மின்சாரம் பாய்ந்த மாத்திரத்தில் இரும்புக்கை ஒன்று நீங்கலாகத் தேகம் முழுவதும் அந்தர்த்தானமாகிவிடும் அந்த மகானுபாவர்மீது, மின்சாரமே அடிக்கடி அந்தர்த்தானமாகிப் பழகிய நம் ஜனங்கள் கொண்ட அபிமானம் இயல்பானதே. அந்த அபிமானத்தின் நிழலில் மறைந்து நிற்பவர்கள்தாம் தங்களுக்கு லாபம்.

முதலில் ரிப் கெர்பி. 1946-ல் அலெக்ஸ் ரேமண்ட் சிருஷ்டித்த இந்தத் துப்பறியும் கனவான், மூக்குக்கண்ணாடியும் புகைக்குழாயுமாக, துப்பாக்கியைவிட யோசனையையே அதிகம் நம்பி, டெஸ்மாண்ட் என்ற பணியாளரின் துணையோடு காரியம் சாதிப்பவர். 1956-ல் மோட்டார் விபத்தில் ரேமண்ட் மறைந்த பின்னர், ஜான் பிரெண்டிஸ் 1999 வரை அத்தொடரை வரைந்து வந்த நேர்த்தி, சித்திரக்கலை பயிலுவோருக்கே ஒரு பாடம்.

அடுத்தவர் ரகசிய ஏஜெண்ட் காரிகன். துப்பறியும் நாவலாசிரியர் டாஷியல் ஹாமெட்டின் கதைகளோடு 1934-ல் பிறந்தவர். 1967 முதல் 1980 வரை ஆல் வில்லியம்சன் தீட்டிய பக்கங்களில், கறுப்பும் வெள்ளையும் நிகழ்த்தும் ஜாலத்துக்கு வர்ணம் அநாவசியம்.

வாங்குமுன் நடுப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். துருவேறிய பின்னைப் பையக் கழற்றுங்கள். ஒட்டும் நாடாவை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள்.