பட்டன் வாதமும் தேதி வாதமும்: பழைய டயரின் ஆயுள் குறித்து ஓர் ஆய்வு

டயர் எப்போது சாகிறது என்ற கேள்விக்கு அறிஞரிடையே இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. மனிதர் இறந்ததை உறுதி செய்ய ஒரு டாக்டர் போதும். டயர் விஷயத்தில் வண்டிச் சொந்தக்காரர், அவருடைய மைத்துனர், பஞ்சர் கடைக்காரர், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற இன்ஜினீயர் என நால்வர் குனிந்து பார்த்தாலும் போதவில்லை. மூவர் "இன்னும் ஆறு மாசம் தாராளமா ஓடும்" என்பார்கள். நான்காமவர் மாற்றச் சொன்னால், அவருக்கு டயர் கடையில் சொந்தக்காரர் இருக்கிறாரா என்று மற்ற மூவரும் விசாரிப்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். காரும் இருசக்கர வண்டியும் மட்டுமே ஆய்வெல்லைக்குள் வரும். மாட்டுவண்டியில் பூட்டிய டயர்கள் ஏற்கெனவே மறுபிறவி கண்டவை. அவற்றின் முற்பிறவியைக் கிளறுவது மரபன்று.

துறையில் இரண்டு பெரும் கட்சிகள் உள்ளன. முதலாவது பட்டன் வாதம். டயரின் மேற்பரப்பில் வெட்டு வெட்டாக நிற்கும் ரப்பர்க் கட்டைகளைப் பட்டன் என்பது பட்டறை வழக்கு. பட்டன் இருந்தால் டயர் உண்டு, பட்டன் போனால் மொட்டை, மொட்டையானால் மழைக்காலத்துக்கு ஆகாது: இவ்வளவுதான் கொள்கை. எளிமையானது, செலவில்லாதது, ஆகவே பெரும்பான்மையினரது. சட்டமும் இக்கட்சியை ஆதரிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்குப் பட்டன் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கும், இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது. இதை அளக்க ஸ்கேல் தேவையில்லை. டயரின் தோள்பட்டையில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு ரப்பர் மேடு தென்படும். பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை. அமெரிக்கர்கள் ஒரு சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் நுழைத்து, ஆபிரகாம் லிங்கனின் தலையுச்சி வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் டயர் தீர்ந்தது. நம் நாணயங்களில் இருப்பவை அசோகத்தூண் சிங்கங்கள். அவற்றைக் கவிழ்த்து டயரில் செருகும் துணிவு இன்னும் யாருக்கும் வரவில்லை.

பட்டன் வாதத்தின் ஓட்டை எதுவென்றால், தேய்ந்து சாகும் டயரைத்தான் அது அறியும். தேயாமலே சாகும் டயரை அறியாது.

இங்கே கொஞ்சம் வேதியியல் தேவைப்படுகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் இளகாத, குளிரில் உடையாத ரப்பரைக் கண்டுபிடித்தார். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அந்தப் பிணைப்பு வேலை தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. வெப்பமும் ஆக்சிஜனும் அதைப் பல ஆண்டுகள் மெல்லத் தொடர்கின்றன, ரப்பர் இறுகுகிறது. காற்றிலுள்ள ஓசோன் வெளிப்பரப்பில் வெடிப்பு போடுகிறது. இதைத் தடுக்க மெழுகும் காப்பு ரசாயனங்களும் டயருக்குள் கலக்கப்படுகின்றன. வண்டி ஓட ஓட ரப்பர் நெளியும். நெளிய நெளிய அவை மேலே கசிந்து வந்து காவல் காக்கும். பழைய டயரின் பக்கத்தில் பழுப்பாகப் பூப்பது பெரும்பாலும் இந்தக் காவல்காரர்தான். அழுக்கு என்று நினைத்து அவரைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு.

ஆகவே நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் காவல் தளர்கிறது. இவ்விடத்தில் 'டாக்டர் வண்டி' என்னும் இலக்கிய வகையைக் குறிப்பிடாமல் போக முடியாது. பழைய கார் விற்பவர் எவரும் இப்பாடத்தைத் தவறாமல் ஒப்பிப்பார்: "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு, டயர் கம்பெனி டயர், பட்டன் அப்படியே இருக்கு பாருங்க." ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கலாம். உண்மையாக இருந்தால்தான் கவலை. எட்டு ஆண்டு வெயிலில் நின்ற கம்பெனி டயர் என்பதைத்தான் அவர் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் கட்சியாகிய தேதி வாதம் இங்கே பிறக்கிறது. டயரின் வயதை அறியக் கல்வெட்டுப் பயிற்சி வேண்டும். டயரின் பக்கச் சுவர் ஒரு சாசனம். எடுத்த எடுப்பில் கம்பெனியின் பெயர் மெய்க்கீர்த்தியாகப் பெரிய எழுத்தில் வரும். அடுத்து 185/65 ஆர்15 என்று அளவு. அதை ஒட்டி 88எச் என்று வீரப்பிரதாபம்: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ சுமக்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் தாங்கும். கத்திப்பாரா மேம்பாலத்தில் இந்த இரண்டாவது தகவலைச் சோதித்தவர் இருக்க முடியாது. இத்தனை புகழுக்கும் பிறகு, ஆட்சியாண்டு மட்டும் ஒரு நீள்வட்டக் குழிக்குள் நான்கே இலக்கங்களில் ஒளிந்திருக்கும். 2319 என்றிருந்தால் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு: 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம், ஏறத்தாழ ஜூன் முதல் வாரம்.

சாசனத்தில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே தேதி பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால், ஆய்வாளர் செல்போன் விளக்கோடு காருக்கு அடியில் படுத்துத்தான் படியெடுக்க வேண்டும். கட்டுரையாளரின் வெள்ளைச் சட்டை ஒன்று இப்பணியில் காலமாயிற்று. நான்குக்குப் பதில் மூன்று இலக்கங்களே இருந்தால் டயர் 2000க்கு முற்பட்டது. அது 1988ஆ 1998ஆ என்று காலவாராய்ச்சி செய்யத் தேவையில்லை. எந்த ஆண்டாக இருந்தாலும் அது ஊஞ்சலுக்குரியது.

சிறு கட்சிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. டயரை எட்டி உதைத்துப் பார்க்கும் மரபு உதைப்பவரின் செருப்பைப் பற்றிச் சில தகவல்கள் தருகிறது. டயரைப் பற்றி ஏதும் தருவதில்லை. பளபளவென்று கறுப்பு பாலிஷ் போட்டிருப்பதை நல்ல டயருக்கு அடையாளமாகக் கொள்வாரும் உளர். வெடிப்பை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. தேய்ந்த டயரில் மறுபடியும் பள்ளம் கீறி விற்கும் கலையும் நாட்டில் உள்ளது. கார் டயரில் அப்படிக் கீறினால் ஆழமாவது பள்ளம். மெலிவது நூலைக் காக்கும் ரப்பர். எஃப்.சி. நாளன்று மட்டும் சில வண்டிகளின் டயர்களுக்கு இளமை திரும்பி, மறுநாளே முதுமை வந்துவிடும் அதிசயத்தை அறிவியல் இன்னும் விளக்கவில்லை.

முறையாக ஆராய்பவர் பஞ்சர் கடைக்காரர் ஒருவரே. அவர் பட்டனைப் பார்ப்பதற்கு முன் பக்கச் சுவரைப் பார்க்கிறார். இரண்டு கட்டைவிரலாலும் சுவரை அழுத்தி வளைக்கிறார். அதுவரை ஒன்றுமில்லாததுபோல் இருந்த இடத்தில் வரிவரியாக வெடிப்பு வாய் திறக்கிறது. மேலோட்டமான மயிரிழைக் கோடுகளை விட்டுவிடுகிறார். நகம் உள்ளே இறங்கும் வெடிப்பில் நிற்கிறார். பட்டனுக்கு நடுவில், பள்ளத்தின் அடியிலும் அதே சோதனை. பிறகு உள்ளங்கையைச் சுவரோடு ஒரு சுற்று ஓட்டி வீக்கம் தேடுகிறார். வீக்கம் என்றால் ஏதோ ஒரு குழியில் விழுந்து உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை. கடைசியாகத் தீர்ப்பு: "பட்டன் இருக்கு சார். ரப்பர்தான் செத்துப்போச்சு." இரு பெரும் கட்சிகளும் சந்திக்கும் இடம் இந்த ஒரு வாக்கியமே. இதைவிடச் சுருக்கமான விளக்கம் இத்துறையில் எழுதப்படவில்லை.

தேதி வாதத்தை வலுப்படுத்தும் சான்று இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. அதில் சிரிக்க ஏதுமில்லை. 2012இல் அங்கே இசைவிழாவிலிருந்து திரும்பிய பஸ்ஸின் முன்சக்கர டயர் வெடித்து மூவர் இறந்தனர். அவர்களில் ஒருவருக்கு வயது 18. டயருக்கு வயது 19. அன்றைய சட்டத்தில் டயருக்கு வயது வரம்பு இல்லை. இறந்த இளைஞரின் தாய் பல ஆண்டுகள் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பஸ்களின் முன்சக்கரங்களில் பத்து வயது கடந்த டயரை அங்கே மாட்டக் கூடாது.

இக்கணக்கில் மிக ஆபத்தானது வீட்டிலேயே மிக நல்ல டயர் என்று பெயரெடுத்தது: ஸ்டெப்னி. ஒருநாளும் தரையைத் தொட்டதில்லை, பட்டன் முழுசாக இருக்கிறது, ஓரத்து ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. மற்ற நான்கும் இரண்டு முறை மாறியிருக்க, அது மட்டும் வண்டி வாங்கிய நாளின் தேதியோடு டிக்கிக்குள் கிடக்கும். நான்கில் ஒன்று பஞ்சரானதும், உள்ளதிலேயே மூத்ததை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறைத் தொடுவோம்.

ஆய்வு முடிவு வருமாறு. ஐந்து வயதுவரை பட்டன் வாதமே போதும். காற்றை மட்டும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பிடிக்க வேண்டும். ஐந்துக்கு மேல் ஆண்டுக்கொரு முறை பஞ்சர் கடைக்காரரின் கட்டைவிரலுக்கு டயரைக் காட்ட வேண்டும். பத்தில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்; ஸ்டெப்னிக்கும் விலக்கில்லை. டயர் கம்பெனிகள் சிலவும் இதையேதான் சொல்கின்றன. அவர்களுக்கு இதில் லாபம் உண்டு என்ற மைத்துனரின் ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது.

கழற்றிய டயரைப் படகின் விலாவில் கட்டலாம், குழந்தைகளுக்கு ஊஞ்சல் போடலாம். மொட்டை மாடியில் மட்டும் போட்டுவைக்காதீர்கள். மழைநீர் தேங்கினால் டெங்கு கொசு குடியேறும். 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறிய ஆசியப் புலிக்கொசு, பழைய டயர்களில் கப்பலேறி வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போகியன்று கொளுத்தவும் வேண்டாம்.

புது டயர் வாங்கும்போது, ரிம்மில் ஏற்றும் முன்பே அந்த நான்கு இலக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். 'வெளிப்பக்கம்' என்றோ சுழலும் திசை என்றோ டயரில் குறியில்லாவிட்டால், தேதி வெளியே தெரியும்படி மாட்டச் சொல்லுங்கள். அடுத்த ஆய்வாளரின் சட்டையாவது பிழைக்கட்டும்.