படியேறும் பரீட்சை

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில், நடக்க இயலாத பிள்ளையை வைத்திருக்கும் அம்மாமார் கொடுத்துவைத்தவர்கள். மாதம் 10,000 ரூபா இயலாமைக் கொடுப்பனவு பிறகு வரும். உடற்பயிற்சி முதலிலேயே இலவசம். லயத்திலிருந்து கிராம சேவகர், பிரதேச செயலகம், டாக்டர் சான்றிதழ் என்று ஏற்றமும் இறக்கமும்தான்.

நேர்முகம் நடக்கும் அலுவலகத்தை மேல்மாடியில் வைத்தது என்ன மதிநுட்பம்! பிள்ளை படியேறி வந்தால் இயலாமை இல்லை. ஏறாவிட்டால் விண்ணப்பதாரர் சமுகமளிக்கவில்லை. எப்படியும் திறைசேரிக்கு மிச்சம். அடுத்த நேர்முகத்தை நமுனுகுல மலையுச்சியில் வைத்தால் வரிசையே இராது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமை காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் கொழும்பில் பிறந்தது. இன்னமும் தோட்டத்து மேட்டில் ஏற முடியவில்லை, பாவம். அதற்கும் ஒரு கொடுப்பனவு கேட்டு எழுதிப்போடலாம். ஆனால் நேரில் வரச் சொல்வார்களே!