ஐயமிருந்தால் குறைத்துப் போடு

அலுவலகத்தில் எனக்கு இரக்கம் அதிகம். வீட்டில் கண்டிப்பு அதிகம். இரண்டும் இடம் மாறிப் போனதால் பட்ட அவமானங்களில் சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றவற்றை என் மனைவி சொல்லுவாள்.

நான் காயங்களுக்கு எண் போடுகிறவன். நாகர்கோவில்காரன், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் வாடகை வீடு. இந்த நகரத்து மருத்துவமனை ஒன்றின் விபத்துப் பதிவேட்டுக்குக் கோடிங் செய்வது என் வேலை. நோயாளிகளைப் பார்ப்பதே இல்லை. கேஸ் ஷீட், சி.டி. அறிக்கை, அறுவைக் குறிப்பு, சில நேரம் பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று காகிதமாகத்தான் அவர்கள் என்னிடம் வருவார்கள். அம்மா ஊரில் கேட்பவர்களிடம் ‘பையன் ஆஸ்பத்திரியில இருக்கான்’ என்பாள். கேட்டவர் என்னை டாக்டர் என்று நினைத்துக்கொள்வார். இதுவரை நான் யாரையும் திருத்தியதில்லை.

எங்கள் வேதம் ஏ.ஐ.எஸ். என்ற கையேடு. கார் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் காயத்தின் கடுமையை ஒரே அளவுகோலால் அளக்க விரும்பினார்கள். 1971-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அந்த அளவுகோல் வெளியானது. 1 என்றால் லேசு. 6 என்றால் இன்றைய மருத்துவத்துக்கு மிஞ்சியது. குறியீட்டில் புள்ளிக்கு முன்னால் ஆறு இலக்கங்கள்: எந்தப் பகுதி, எந்த உறுப்பு, என்ன காயம். புள்ளிக்குப் பின்னால் ஒரே இலக்கம், கடுமைக்கு. 450201.1 என்றால் மார்புக் கூட்டில் ஒரு விலா எலும்பு முறிவு, கடுமை 1. இரண்டு விலா என்றால் 2, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 3. ஆள் பிழைத்தாரா இறந்தாரா என்று பார்த்து எண்ணை மாற்றக் கூடாது. ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதியவற்றுக்கு எண்ணே கிடையாது. விவரம் போதாதபோது குறைந்த எண்ணைத்தான் போட வேண்டும்.

பல காயம் பட்டவருக்கு மொத்தமாக ஓர் எண் வேண்டுமே? 1974-ல் சூசன் பேக்கரும் கூட்டாளிகளும் பால்டிமோர் மருத்துவமனைகளில் 2,128 சாலை விபத்துக் காயக்காரர்களின் பதிவுகளைப் பார்த்து ஒரு வழி சொன்னார்கள். உடலை ஆறு பகுதிகளாகப் பிரி. அதிகம் அடிபட்ட மூன்று பகுதிகளிலிருந்து பகுதிக்கொரு எண் எடு. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டு. இதுதான் ஐ.எஸ்.எஸ். உச்சம் 75. எங்காவது ஒரு 6 இருந்தால் கூட்டலே வேண்டாம், நேராக 75.

கணக்கில் நான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்கூட்டர்காரரின் கேஸ் ஷீட் வந்தது. மார்பில் 3, முகத்தில் 2, வயிற்றில் 1. ஒன்பதும் நாலும் ஒன்றும் பதினாலு. ஆனால் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. மனிதருக்கு எவ்வளவு எரிந்திருக்கும்! அதை விட மனம் வரவில்லை. இன்னொரு 1 சேர்த்து 15 என்று எழுதி, பெருமையோடு அனுப்பினேன். எங்கள் பிரிவின் மூத்த சேச்சி திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “அனியா, 15-னு ஒரு ஐ.எஸ்.எஸ். இந்தப் பூமியில இல்ல கேட்டோ.”

உண்மைதான். 1, 4, 9, 16, 25 இவற்றில் மூன்றை எப்படிப் புரட்டிக் கூட்டினாலும் 15 வராது; 7-உம் வராது. 15-க்கு மேல் போனால் கடுங்காயம் என்பது பல நாடுகளில் வழக்கமான கோடு. அந்தக் கோட்டின் மேலேயே நிற்க எந்தக் காயக்காரராலும் முடியாது. நான் ஒருவரை நிறுத்தியிருந்தேன்.

அப்போதாவது அடங்கியிருக்கலாம். இரண்டு தொடை எலும்புகளும் முறிந்த ஒரு இளைஞனின் தாள் வந்தது. ஒவ்வொரு தொடைக்கும் 3. ஆனால் இரண்டு காலும் ஒரே பகுதி. ஆகவே ஒன்றுதான் கணக்கில் ஏறும். மொத்தம் 9. இது என்ன நியாயம்? பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்ற கடிகாரம் இருக்கிறதல்லவா, அதிலுள்ள தாடிக்காரரின் இரண்டு கன்னங்களிலும் மணிக்கு மணி ஆடுகள் வந்து முட்டும். அவருக்கு ஐ.எஸ்.எஸ். போட்டால் வலக் கன்னம், இடக் கன்னம் எல்லாம் ஒரே முகம். எத்தனை வருடம் முட்டு வாங்கினாலும் 1 தான். இளைஞனுக்காகக் கொதித்துப்போய் சி.டி. அறிக்கையைத் துருவினேன். ஈரலில் கிழிசல் ‘இருக்கலாம்’ என்று ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு எண்ணை ஏற்றிவிட்டேன்.

சேச்சி கோபப்படவில்லை, அதுதான் மோசம். இரண்டு தொடைக்காரர்களுக்கு அநீதி நடக்கிறது என்று அளவுகோல்காரர்களுக்கே தெரியும், அதனால்தான் 1997-ல் பேக்கரும் சேர்ந்து புது ஐ.எஸ்.எஸ். கொண்டுவந்தார்கள், பகுதி பார்க்காமல் மோசமான மூன்று காயங்களை எடுக்கலாம், அதில் இந்தப் பையனுக்கு 18 வரும், அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது என்று காட்டினார். பிறகு கேட்டார்: “நீ கூட்டிப் போட்டா அந்தப் பையனுக்கு என்ன கிடைக்கும்? வலி குறையுமா? இத்தனை கடுமையான காயத்துக்கு இத்தனை பேர் இறக்கலாம்னு இந்த நம்பரை வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க. எல்லாரும் கூட்டிப் போட்டா, காப்பாத்தியிருக்க வேண்டியவங்க செத்தாலும் ஆஸ்பத்திரிக்கு நல்ல பேரு. உன் இரக்கம் யாருக்குப் போகுதுன்னு பாத்தியா?”

அன்று முதல் திருந்தினேன். திருந்தியது அலுவலகத்தில் அடங்கவில்லை, தெருவுக்கும் வந்தது. எங்கள் சந்தில் ஸ்கூட்டர் நிறுத்துவதில் ஒரு சண்டை. ஒருவர் குத்தியதில் இன்னொருவருக்கு முன்பல் உடைந்தது. கூட்டம் கூடியது. ஆஸ்பத்திரியில் இருப்பவன் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். வாயைப் பார்த்தேன். “பல்லா? வெறும் ஒண்ணு. இருப்பதிலேயே லேசு” என்று தீர்ப்புச் சொன்னேன். குத்தியவர் முகம் தெளிந்தது. பல் போனவர் ஒன்றும் பேசாமல் ஸ்டேஷனுக்குப் போனார்.

1860-ன் தண்டனைச் சட்டத்தில் கொடுங்காயம் என்று எட்டு வகை இருந்தது. எலும்போ பல்லோ முறிவது ஏழாவது வகை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றே செய்தால் ஏழு வருடம் வரை சிறை. மாறியது எட்டாவது வகைதான்: முன்பு 20 நாள் கடும் வலியில் கிடந்தால் கொடுங்காயம், இப்போது 15 நாள் போதும். என் அளவுகோலில் இல்லாத 15 சட்டத்தில் இருக்கிறது. குத்தியவர் மறுநாள் வாசலில் வந்து நின்றார். “சார், ஒண்ணுன்னு சொன்னீங்களே?” அவருக்கு ஐ.எஸ்.எஸ். விளக்க முயன்றேன் என்பதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

எங்கள் பக்கத்து வர்ம ஆசான்களும் கணக்கு வைத்திருந்தவர்கள்தான். 108 வர்மம், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. கிழக்கேகோட்டையிலேயே 1956 முதல் சி.வி.என். களரி இருக்கிறது, பயிற்சியும் உண்டு, அடிபட்டவர்களுக்கு வைத்தியமும் உண்டு. தாத்தா காலத்து ஆசான் அடிபட்டவனிடமே கேட்பாராம்: எங்கே பட்டது, எத்தனை நாழிகை ஆச்சு, மூச்சு எப்படி இருக்கு? நான் தாளிடம் கேட்கிறேன். தாள் பதில் சொல்லாவிட்டால் குறைத்துப் போடுகிறேன்.

அம்மா விஷயத்தில் தாள்கூடத் தேவைப்படவில்லை. கோலம் போடக் குனிந்தவள் ஈரப் படியில் வழுக்கிவிட்டாள். எக்ஸ்ரேயில் ஒரு விலா எலும்பு முறிந்திருந்தது. மூச்சை இழுக்கவிடாமல் வலி. நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு விலாதாம்மா. ஒண்ணு. பயப்பட ஒண்ணுமில்ல” என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்: “கட்டில் கால்ல விரல் இடிச்சதுக்கு நீங்க லீவு போட்டீங்களே, அது எத்தனை?”

டாக்டர் ஓய்வு சொன்னார். அம்மாவோ பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டுமென்று புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். “படுத்துக்கம்மா” என்றேன்.

“ஒண்ணுன்னு நீதானே மக்கா சொன்னே? ஒண்ணுக்கு எதுக்குப் படுக்கணும்?”

என் எண் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. ஐ.எஸ்.எஸ். வயதைக் கேட்பதில்லை, 1987-ல் வந்த டிரிஸ் முறைதான் 55-ல் ஒரு கோடு போட்டு வயதைச் சேர்த்துக்கொண்டது, வயதானவர்களுக்கு விலா முறிந்தால் ஆழமாக மூச்சு விட முடியாமல், இருமிச் சளியை வெளியேற்ற முடியாமல் நிமோனியா வரலாம் என்றெல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப எத்தனை?”

“மூணுன்னு வச்சுக்கம்மா.”

“மூணெல்லாம் கூடுதல்.” சாலை பஜாரில் வாழைக்குலைக்கு விலை கேட்கிற அதே குரல். “ரெண்டு.”

இரண்டுக்கு முடிந்தது. ஒரு விலாவுக்கு 2 போடக் கையேட்டில் இடமே கிடையாது. போட்டேன். அம்மா சாயங்காலம் வரை படுத்திருந்தாள்.