அப்புச்சி சொல்றேன், நின்னு கேளு

மலையேறுற சைக்கிள் வாங்கிப்போட்டியாமா கண்ணு. உங்கம்மா போனுல பொலம்புனா: முன்னால மட்டும் ஸ்பிரிங்கு, பின்னால வெறும் கம்பி, அதுக்கா இத்தனை காசுன்னு. ஹார்டுடெயில்னா அப்படித்தாம்மா இருக்கும்னு உனக்காகப் பரிஞ்சு பேசுனேன். ஆனா வாங்கி ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள பிரேக்கை மாத்தப்போறேன், தங்கக் கலர்ல ரோட்டர் பாத்து வெச்சிருக்கேன்னு சொன்னியாமா. அதுக்குப் பரிஞ்சு பேச எனக்கு வாய் வரலை. கலர் நல்லாத்தான் இருக்கும். கோத்தகிரி ரோட்டுல நீ விழுந்து கெடந்தாத் தூரத்துலயே மின்னும், எடுத்துப்போட்டு வர்றவனுக்குச் சவுரியம்.

கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதுக்குள்ள 1,400 மீட்டருக்கு மேல கீழ எறங்கோணும். அந்த வேகத்தை அடக்கோணும்னா பேடும், சக்கரத்தோட சுத்துற ரோட்டர் தட்டும் உரசிச் சூடாகித்தான் ஆகோணும், வேற வழி கெடையாது. 1976ல கலிஃபோர்னியா மரின் கவுண்டியில ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் மாதிரி எளவட்டங்க பழைய சைக்கிளை எடுத்துட்டுப் போயி, ரெண்டு மைல் மண்பாதையில 1,300 அடி எறக்கத்துக்குப் பந்தயம் உட்டானுக. பெடலைப் பின்னுக்கு மிதிச்சா ஹப்புக்குள்ளயே புடிக்கிற பிரேக்கு அதுல. கீழ வர்றதுக்குள்ள கிரீஸெல்லாம் பொகைஞ்சு போயிரும். ஒவ்வொரு வாட்டியும் ஹப்பைப் பிரிச்சுப் புதுசா கிரீஸ் அடைக்கோணும். இப்படித் திரும்பத் திரும்ப அடைச்சதுலதான் பாதைக்கே ரீபேக்குன்னு பேரு நெலைச்சுப்போச்சு. அவனுக சூட்டைப் பாத்தானுக. நீ கலரைப் பாக்குற.

ரோட்டரை 160, 180, 203ன்னு மில்லிமீட்டர் கணக்குல விக்கிறான். செக்குல மாட்டை நீளக் கட்டையோட நுனியிலதான பூட்டுறோம்? அதே சங்கதிதான். அச்சை விட்டுத் தள்ளிப் புடிக்கப் புடிக்க, அதே வெரலழுத்தத்துக்குப் பலம் கூடும். 160ஐக் கழட்டிட்டு 180 போட்டா ஏறக்கொறைய எட்டுல ஒரு பங்கு கூடும். 203 போட்டா கால்வாசிக்கு மேல. இரும்பு அதிகம்கிறதால சூட்டையும் தாங்கும். உடனே, “அப்ப ரெண்டு பக்கமும் 203 போட்டுர்றேன் அப்புச்சி”ம்ப. தெரியும் சாமி, பந்தியில உக்காந்ததும் ரெண்டு எலை கேட்ட ஆளு நீ.

பிரேக் புடிச்சா பாரமெல்லாம் முன்னுக்கு வந்துரும், பின்சக்கரம் லேசாயிரும். உன்ற வண்டிக்குப் பின்னால ஸ்பிரிங்கும் இல்லை, கல்லுமேல குதிச்சுக் குதிச்சுத்தான் வரும். அந்த எடத்துல எத்தனை பெரிய ரோட்டர் மாட்டுனாலும் டயரு இழுத்துக்கிட்டுப் போகுமே தவிர வண்டி நிக்காது. முன்னால 180, பின்னால 160, உனக்கு இது தாராளம். உங்கம்மா ஊத்துற நெய்யில தொண்ணூறு கிலோவைத் தாண்டுனீன்னா மறுபடி வா, முன்னால 203 பேசலாம்.

அதுக்கும் ஃபோர்க்கு சம்மதிக்கோணும். பெரிய ரோட்டர் போட்டா அந்த முறுக்கெல்லாம், பேடைப் புடிச்சிருக்குற கேலிப்பர் உக்கார்ற ஃபோர்க்குக் காலுமேலதான் எறங்கும். அதனாலதான் ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல போடாதேன்னு கம்பெனிக்காரன் கையேட்டுல எழுதி வெச்சிருக்கான். கையேடு எங்கன்னு கேட்டா நீ முழிப்ப, அட்டைப்பெட்டியோட பழைய பேப்பர்க்காரனுக்குப் போயிருக்கும். பின்னாலயும் பெருசு போடோணும்னா, கம்பியில ரோட்டர் உரசுதான்னு மொதல்ல பாரு. கேலிப்பரைத் தள்ளி வெக்க அடாப்டர் வேற வாங்கோணும்.

ரோட்டரை ஹப்புல மாட்டுறதுலயும் ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு ஆறு போல்ட்டு, டி25 சாவி போடற ரகம். இன்னொண்ணு சென்டர் லாக், பல்லுமேல செருகி வளையத்தால இறுக்குறது. உன்ற ஹப்பு எதுன்னு குனிஞ்சு பாத்தாத் தெரியும். குனியறதுக்குச் சோம்பல்பட்டு நீ ஆர்டர் போட்டுருவ, அப்பறம் திருப்பி அனுப்ப மூணு நாளு கொரியர்காரனோட மல்லுக்கு நிப்ப.

கேபிள்ல இழுக்குற டிஸ்க் பிரேக்கை ஒரேயடியா மட்டம் தட்ட மாட்டேன். வழியில கேபிள் அறுந்தா நம்மூர்ச் சைக்கிள் கடையிலகூட மாத்திரலாம். ஆனா நீ எறங்குற எறக்கத்துக்குக் கை வலிச்சுப்போகும். ஆயில் பிரேக்குன்னா ஒத்தை வெரல் போதும். நாலு பிஸ்டன் வேணுமா ரெண்டு பிஸ்டன் வேணுமான்னு ராத்திரியெல்லாம் வீடியோ பாக்காத, உனக்கு ரெண்டே போதும். ஆயில்லதான் வெவகாரமே. ஷிமானோவுக்கும் மகுராவுக்கும் மினரல் ஆயிலு. ஸ்ராம்காரன் ரொம்ப நாளா டாட் ஆயிலு வெச்சிருந்து, இப்பச் சில புது மாடலுக்கு மினரலுக்கு மாறிட்டான். மூடிமேலயே எது ஊத்தோணும்னு போட்டிருக்கும். உங்கப்பன் புல்லட்டுக்கு வாங்குன டாட் பாட்டில்ல மிச்சமிருக்குதேன்னு மினரல் பிரேக்குல ஊத்திப்போடாத, உள்ளார இருக்குற ரப்பரெல்லாம் ஊதிப்போயிரும். நம்ம நாட்டுல வலது கையில முன்பிரேக்கு. வெளிநாட்டு செட்டு சிலதுல அது எடது கையில வரும், ஓஸ் நீளமும் ஒத்துவராமப் போகலாம். கேட்டு வாங்கு.

பேடுக்கு வருவோம். இங்கதான் எல்லாரும் கோட்டை உடறாங்க. ரெசின் பேடு சத்தமில்லாமப் புடிக்கும், மொதல் புடியே நல்லாருக்கும், ஆனா சேத்துலயும் மழையிலயும் சீக்கிரம் தேயும். உலோகப் பேடு நாள்பட ஒழைக்கும், சூடு தாங்கும், ஈரத்துல ஊரையே கூப்புடும். நீ ஐப்பசி மழையிலயும் எறங்கறவன், உலோகமே போடு. ஆனா மொதல்ல ரோட்டரைக் கண்ணுக்குக் கிட்டப் புடிச்சு, ஓரத்துல பொறிச்சிருக்குற சின்ன எழுத்தைப் படி. வெலை கம்மியான ரோட்டர் சிலதுல, ரெசின் பேடுக்கு மட்டும்னு இங்கிலீசுல போட்டிருக்கும். அந்த இரும்பு மெது. அதுல உலோகப் பேடு போட்டா அரம் வெச்சாப்புல தேஞ்சுபோகும். படிச்ச புள்ளை, கம்பெனியில இங்கிலீசுதான பேசுற, இதையும் படிச்சுப்போடு.

அதே எழுத்துப் பக்கத்துல இன்னொரு கணக்கும் இருக்கும். ஷிமானோ ரோட்டர் புதுசுல 1.8 மில்லிமீட்டர் கனம், 1.5 ஆச்சுன்னா மாத்திரோணும். வெரல்ல தடவிப் பாக்கோணும்னா வண்டி ஆறுன பொறகு தடவு. எறங்கி வந்த சூட்டோட தொட்டா தோலு ரோட்டர்ல ஒட்டிக்கும். ஐஸ் டெக்னு ஒண்ணு விக்கிறான், எஃகுக்கு நடுவுல அலுமினியம் வெச்சு, சூட்டைச் சீக்கிரம் வெளிய தள்ளுறதுக்கு. நல்ல சரக்குதான், வெலை கூடுதல். பேருல ஐஸ் இருக்குதேன்னு அதையும் தொட்டுப்போடாத.

புதுசா மாட்டுன அன்னைக்கே மலைக்குக் கெளம்பாத. சமதளத்துல கொஞ்சம் வேகமெடுத்து, நடக்குற வேகத்துக்குக் கொறை. சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்க. இப்படி ஒரு இருபது வாட்டி, அப்பறம் இன்னும் வேகமா ஒரு பத்து வாட்டி. பேடோட பொடி ரோட்டர்மேல சமமாப் படிஞ்சாத்தான் புடி வரும். சக்கரத்தைக் கழட்டி வெச்சிருக்கையில லீவரை அமுக்கி வெளையாடாத, பிஸ்டன் வெளிய வந்துரும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கிறவன் ரோட்டரை மூடிட்டு அடிக்கோணும். ஒரு சொட்டு பட்டாலும் பேடு கெட்டுச்சு. தலைக்குத் தேச்ச தேங்காயெண்ணெய்க் கையோட ரோட்டரைத் தொடறதும் அதே கதிதான்.

தங்கக் கலரு வேணும்னு ஒரே புடியா நின்னீன்னா, அதுக்கு ஜோடியா டைட்டானியம் போல்ட்டு வேற வாங்கற காசையாவது மிச்சம் புடிச்சு ஒரு செட்டு நல்ல பேடு கூட வாங்கி வெச்சுக்க. இப்ப போயி ஃபோர்க்கு பேரு, ஹப்பு ரகம், கேலிப்பர் உக்கார்ற எடம், மூணையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் பாத்துச் சொல்றவரைக்கும் காசைக் கட்டிப்போடாத.